கட்டும் முத்திரையும்: ஒரு பொதியின் வரலாறு



கடந்த தை மாதக் குளிரில் ஒருநாள் என் தங்கையின் மகள் வீட்டுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. அவள் ஸ்காபரோவில் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்தபடி இணையத்தில் சேலையும் அலங்கார நகைகளும் விற்கிறவள். கல்கரியிலுள்ள ஒரு பெண்ணுக்கு அட்டியலும் தோடும் அனுப்பியிருக்கிறாள். பெட்டி போய்ச் சேர்ந்தபோது ஒரு மூலை பிரிந்திருந்ததாம். அட்டியல் இருந்தது, தோட்டைக் காணவில்லை.

"மாமா, நான் ரெண்டையும் வச்சுத்தான் கட்டினனான். அந்த அக்கா நம்பேல்லை. காசைத் திருப்பிக் குடுத்திட்டன். காசு போனது பரவாயில்லை, என்னைக் கள்ளி எண்டு நினைச்சிருப்பா."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இந்த மாத உரைக்குக் கொண்டுவந்தது. ஒரு பொதி பிரிந்தால் பொருள் மட்டும் தொலைவதில்லை, அனுப்பியவரின் சொல்லும் தொலைகிறது. மனிதர்கள் இதை மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தார்கள்.

குஜராத்தில் லோத்தல் என்ற ஊரில் நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய சிந்துவெளிப் பண்டகசாலை ஒன்றை அகழ்ந்தெடுத்தார்கள். அங்கே ஏறத்தாழ 65 களிமண் முத்திரைப் பதிவுகள் கிடைத்தன. பண்டகசாலை ஒருகாலத்தில் தீப்பற்றி எரிந்ததால் பச்சைக் களிமண் சுடப்பட்டு இறுகி, இன்றுவரை நிலைத்துவிட்டது. அவற்றின் முன்பக்கத்தில் வணிகரின் முத்திரை. பின்பக்கத்தைப் பார்த்தால் துணி, பாய், கயிறு ஆகியவற்றின் தடம். பொதியைத் துணியால் மூடி, கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் களிமண்ணை அப்பி முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

இதிலே இரண்டு வேலைகள் இருப்பதைக் கவனியுங்கள். கயிறு பொருளை விழாமல் பிடிக்கிறது. முத்திரை, இடையில் யாராவது அவிழ்த்தார்களா என்று சொல்லிவிடுகிறது. கட்டு வேறு, முத்திரை வேறு. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் வருவேன்.

நம்முடைய பட்டினப்பாலையிலும் இதே காட்சி உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைச் சொல்லும்போது, கடலிலிருந்து இறங்கியதும் கடலில் ஏற்ற வந்ததுமான மூடைகள் மலைபோலக் குவிந்திருப்பதையும், சுங்க அதிகாரிகள் அவற்றில் சோழரின் புலிச் சின்னத்தைப் பொறித்து வெளியே விடுவதையும் பாடுகிறார். புலி பொறித்த மூடைக்கு அரசே பொறுப்பு.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பப்பைரஸ் ஏடு வியன்னாவில் இருக்கிறது. முசிறித் துறையிலிருந்து எகிப்துக்குச் சரக்கு ஏற்றிய கப்பல் பற்றிய கடன் ஒப்பந்தம் அது. சரக்கில் யானைத் தந்தமும் கங்கைக்கரை வாசனைப் பொருளும் இருந்தன. செங்கடலில் இறக்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் நதியில் அலெக்சாந்திரியா போகும்வரை சரக்கு கடன் கொடுத்தவரின் முத்திரையோடு காவலில் இருக்கவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. வழி நீளமாக நீளமாக முத்திரையின் மதிப்பும் கூடியது.

எங்கள் ஊருக்கு வருவோம். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கட்டும் கலையைப் பனைதான் கற்றுக்கொடுத்தது. பனங்கட்டிக்குக் குட்டான், பனாட்டுக்கு ஓலைப்பெட்டி, சந்தைக்குக் கடகம். திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய யாழ்ப்பாணப் புகையிலை சிப்பம் சிப்பமாகக் கட்டப்பட்டுத்தான் போனது. குட்டானைப் பாருங்கள்: பனங்கட்டியின் அளவுக்கே ஓலை இழைக்கப்பட்டிருக்கும். உள்ளே ஆடுவதற்கு இடமில்லை. ஆடாத பொருள் உடையாது. இதைத்தான் இன்றைய கம்பனிகள் தங்கள் கையேடுகளில் பக்கம் பக்கமாக எழுதுகின்றன.

தபாற் பாசல் பின்னர் வந்தது. 1880இல் பரிசில் நாடுகளுக்கிடையிலான பாசல் உடன்படிக்கை எழுதப்பட்டது. பிரித்தானியா 1883இல் பாசல் சேவையைத் தொடங்கியது. என் தகப்பனார் உப தபாலதிபராக இருந்தவர். சிறுவயதில் அவருடைய மேசையருகே நின்று பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. வெள்ளைத் துணியில் பொதிந்து, நான்கு பக்கமும் நெருக்கமாகத் தைத்து, தையல் முடிகிற இடங்களில் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றுவார்கள். அரக்கின் அந்த மணத்தை மறக்கமுடியாது. பாரதத்து அரக்கு மாளிகைக்குப் பெயர் கொடுத்ததும் இந்த அரக்குத்தான். மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. சூட்டில் இளகும், ஆறினால் கல்லாகும். உடைத்தால் மறுபடி அதேமாதிரி ஒட்டவைக்க முடியாது.

அரக்கின்மேல் சிலர் காசை வைத்து அழுத்துவார்கள். அப்பா விடமாட்டார். "காசு எல்லாற்றை பொக்கற்றிலும் இருக்கு. கள்ளனும் அதாலையே குத்துவான். உன்ரை முத்திரை உன்னட்டை மட்டும் இருக்கவேணும்" என்பார். இது அவருடைய பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன். காப்புறுதிப் பொதிகளில் நாணயத்தாலோ பொத்தானாலோ முத்திரை குத்தக்கூடாது என்பது பிரித்தானியர் கால இந்தியத் தபால் விதி என்று பின்னர்தான் தெரிந்தது.

இனி நாங்கள் வாழும் இந்த நகரம். தூரத்தில் இருப்பவருக்குப் பொருளைக் காட்டாமலே விற்கும் வியாபாரம் ரொறன்ரோவுக்குப் புதிதல்ல. 1884இல் திமோதி ஈற்றன் தன் கடையின் 32 பக்க விலைப்பட்டியல் புத்தகத்தை வெளியிட்டார். கிராமத்து விவசாயிகள் அதைப் பார்த்து எழுதி அனுப்ப, பொருட்கள் ரயிலில் போயின. பொருள் திருப்தியில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது அவர் கொடுத்த வாக்கு. 1914 பெப்ரவரி 10இல் கனடாத் தபால் துறை பாசல் சேவையைத் தொடங்கியபோது இந்த வியாபாரம் வீட்டு வாசல்வரை வந்தது. ஈற்றனின் விலைப்பட்டியல் 1976இல் நின்றது, நிறுவனம் 1999இல் முறிந்தது. டவுன்ரவுனில் ஈற்றன் சென்ரர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆரம்பத்தில் இவையெல்லாம் மரப்பெட்டியில் போயின. இன்றைய மட்டைப்பெட்டியின் பிறப்பு ஒரு தொப்பியில் தொடங்கியது. 1856இல் இங்கிலாந்தில் உயரமான தொப்பிகளுக்கு உள்ளே வைக்க நெளிவுக் காகிதம் செய்தார்கள். 1871இல் நியூயோர்க்கைச் சேர்ந்த அல்பேட் ஜோன்ஸ், போத்தலும் விளக்குச் சிமினியும் உடையாமல் சுற்றுவதற்கு அதைப் பயன்படுத்தி உரிமம் பெற்றார். அமெரிக்க ரயில் கம்பனிகள் மட்டைப்பெட்டியை நம்பாமல் கூடுதல் கட்டணம் கேட்டன. 1914இல் வழக்கில் தோற்ற பிறகுதான் மரத்துக்குச் சமமான இடம் மட்டைக்குக் கிடைத்தது. இன்றும் பெட்டியின் அடியில் ஒரு வட்டமான அச்சு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு நிறை தாங்கும் என்று பெட்டி செய்தவர் கொடுக்கும் உறுதிமொழி அது. அந்த ரயில் காலத்து விதிகளின் எச்சம்.

நாங்கள் 'ரேப்' என்று சொல்லும் ஒட்டுநாடாவை 1925இலும் 1930இலும் திறீ எம் கம்பனியில் ரிச்சர்ட் ட்ரூ என்பவர் படிப்படியாக உருவாக்கினார். குமிழித்தாள் 1957இல் சுவர்க்காகிதம் செய்யப்போய்த் தவறிப் பிறந்தது. பின்னர் கணினிகளைப் பொதியக் கைகொடுத்தது. 1995இல், பின்னாளில் ஈபே ஆன இணைய ஏலத்தில் முதன்முதல் விற்ற பொருள் ஒரு பழுதான லேசர் விளக்கு. அதை 14 டொலர் 83 சதத்துக்கு வாங்கியவர் ஒரு கனடியர்.

நேயர்களே, எங்களுடைய பெட்டியின் கதை இதிலிருந்து வேறானது. 1986 ஓகஸ்ற்றில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். அவர்களிடம் பெட்டி இருக்கவில்லை. எங்களில் பலரும் கைவீசி வந்தவர்கள்தான். ஆனால் வந்து காலூன்றியதும் பெட்டி கட்டி ஊருக்கு அனுப்பத் தொடங்கினோம்.

1990 ஆனியில் போர் மறுபடி மூண்டபின் வடக்குக்கு எரிபொருளும் பற்றரியும் சீமெந்தும் உரமும் தடைசெய்யப்பட்டன. மருந்து அரிதானது. தரைப்பாதை அடைபட்டது. கொழும்புக்குப் போகிறவர் கையில் கொடுத்து, அங்கிருந்து இன்னொருவர் கைமாறி, கிளாலி நீரேரியை இரவில் படகில் கடந்துதான் பொதிகள் போயின.

1992இல் அம்மாவுக்குப் பிரஷர் குளிசையும் மூக்குக்கண்ணாடியும் அனுப்பினேன். கடைப் பையில் போட்டு நூலால் சுற்றியிருந்தேன். கண்ணாடி மட்டும் போய்ச் சேர்ந்தது. எங்கே விழுந்ததோ, யார் அவிழ்த்தாரோ, தெரியாது. இரண்டு மாதம் கழித்து அம்மாவின் கடிதம் வந்தது. "தம்பி, இதுக்குள்ளை என்னென்ன வைச்சனீ எண்டு ஒரு துண்டு எழுதி வைக்கக்கூடாதே? அப்பா காட்டித் தந்ததை மறந்திட்டியோ?"

அடுத்த முறை என் மனைவி துணிப்பை தைத்தாள். குளிசைகளைத் தனித்தனிப் பொலித்தீனில் சுற்றி, மெழுகுதிரிச் சுவாலையில் வாயை உருக்கி ஒட்டினோம். நீரேரித் தண்ணீர் பட்டாலும் நனையாது. சோதனைச் சாவடியில் வெளிப்பையை அவிழ்ப்பார்கள், அவிழ்த்தவர் திருப்பிக் கட்டித் தரமாட்டார். அதனால் உள்ளே இருப்பது ஒவ்வொன்றும் தானே மூடியிருக்கவேண்டும். பொருட்களின் பட்டியல் ஒன்று உள்ளே, ஒன்று கடிதத்தில். அந்தப் பொதி முழுதாகப் போய்ச் சேர்ந்தது. 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது அம்மா வீட்டை விட்டு எடுத்துக்கொண்டு போனவற்றில் அந்தத் துணிப்பையும் ஒன்று.

இதையெல்லாம் மருமகளுக்குச் சொன்னேன். பிறகு இருவருமாக மேசையில் ஒரு பெட்டியை வைத்துக் கட்டினோம்.

தோட்டைத் தனியே ஒரு சிறு பையில் மூடி, அந்தப் பையை அட்டியலின் அட்டையோடு சேர்த்து ஒட்டினோம். பெட்டியின் மூலை பிரிந்தாலும் சிறியது தனியே நழுவாது. அனுப்புபவர், பெறுபவர் விலாசமும் பொருட்களின் பட்டியலும் எழுதிய துண்டை உள்ளே வைத்தோம். மேலே ஒட்டிய விலாசம் கிழிந்தால், தபாலில் பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கு வழிகாட்டுவது அந்தத் துண்டுதான். வெற்றிடத்தைக் காகிதத்தால் அடைத்து, மூடமுன் குலுக்கிப் பார்த்தோம். சத்தம் கேட்டால் இன்னும் இடமிருக்கிறது என்று அர்த்தம்.

ஒட்டுநாடா ஐந்து சென்ரிமீற்றர் அகலமாவது வேண்டும். நடுப்பிளவில் ஒன்று, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று. மேலே மூன்று, கீழே மூன்று. பெரும்பாலானோர் நடுவில் மட்டும் ஒட்டுவார்கள், அதனால்தான் மூலை பிரிகிறது. நூல் கட்டவேண்டாம், தரம்பிரிக்கும் இயந்திரங்களில் சிக்கும். முக்கியமாக, குளிர்காலத்தில் கராஜில் வைத்து ஒட்டாதீர்கள். குளிர்ந்த மட்டையில் பசை சரியாகப் பிடிக்காது. பெட்டியையும் நாடாவையும் வீட்டுக்குள் கொண்டுவந்து சூடேறவிட்டு, ஒட்டியபின் விரலால் அழுத்தித் தேயுங்கள்.

கட்டு முடிந்தது. முத்திரை? நாடாவும் மட்டையும் சேரும் இடத்தில், இரண்டிலும் படும்படி அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். யாராவது நாடாவை உரித்தால் கையெழுத்து இரண்டாகும். மூடமுன் உள்ளேயிருப்பதையும், மூடியபின் வெளிப்புறத்தையும் தராசு காட்டும் நிறையையும் படம் பிடித்து, வாங்குபவருக்கு அனுப்பிவிடச் சொன்னேன். அரக்கு செய்த வேலையை இன்று இவைதான் செய்கின்றன.

அவள் அந்தப் பெட்டியைக் கல்கரிக்கே அனுப்பினாள். உள்ளே புதிய தோடு ஒரு சோடி, விலையில்லாமல். பத்து நாள் கழித்துப் பதில் வந்ததாம். அந்தப் பெண் தங்கைக்கும் ஒரு அட்டியல் கேட்டிருக்கிறாள்.

உங்கள் வீட்டில் துணியில் தைத்த பழைய பாசலோ, அரக்கு ஒட்டிய உறையோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுங்கள். அது யாரோ ஒருவர் உங்களுக்காக முடிச்சுப் போட்ட கை.