கூந்தன்குளத்து வாத்தின் முதுகுப்பை

தீப்பெட்டி அளவே இருக்கும் கருவி அது. மேலே சூரிய ஒளியை வாங்கும் தகடு, பின்னால் மெல்லிய கம்பியாய் ஒரு வால். நாடாவால் பிணைத்து வரித்தலை வாத்தின் முதுகில் கட்டிவிட்டால், சில நாளில் இறகுகள் அதை மூடிக்கொள்ளும்; தகடும் கம்பியும் மட்டும் வெளியே தெரியும். பறவையின் எடையில் நூற்றில் மூன்று பங்கைத் தாண்டாத சுமைதான் கட்ட வேண்டும் என்பது இத்துறையில் பொதுவான விதி. பறவை போகும் இடத்தைச் சொல்லும் இந்தக் கருவியின் பயணம் தொடங்கிய இடங்களில் ஒன்று நம் கூந்தன்குளம்.

நெல்லையிலிருந்து நாங்குநேரிப் பக்கம் போனால், மூலைக்கரைப்பட்டியைத் தாண்டி வரும் சின்ன ஊர். மணிமுத்தாறு அணையின் கால்வாய்த் தண்ணீர்தான் குளத்துக்கு உயிர். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். குஞ்சுகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். 1994இல் இது சரணாலயமானது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது.

வரித்தலை வாத்து இங்கே கூடு கட்டுவதில்லை. பனிக்காலத்தைக் கழிக்க மட்டும் வருகிறது. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடுகள். பகலெல்லாம் குளத்தில் ஓய்வு, இருட்டியதும் வயல்களில் மேய்ச்சல். வெயில் ஏறத் தொடங்கினால் வடக்கே கிளம்பிவிடும். எங்கே போகிறது?

அந்தக் கேள்விக்கு அவசரம் கூடியது 2005இல். சீனத்தின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான காட்டுப்பறவைகள் மடிந்தன. அவற்றில் வரித்தலை வாத்துகள் ஏராளம். நோய் போகும் தடம் தெரிய வேண்டுமானால் பறவை போகும் தடம் தெரிய வேண்டும். கூந்தன்குளத்திலும் ஒடிசாவின் சிலிகாவிலும் மங்கோலியாவிலும் வாத்துகளைப் பிடித்துக் கருவி கட்டினார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரனும் பி. சத்தியசெல்வமும் அந்த ஆய்வில் பங்குபெற்றவர்கள். முடிவு 2011இல் வெளியானது.

கருவிகள் செயற்கைக்கோள் வழியே சொன்ன சேதி வியக்க வைத்தது. இந்தியச் சமவெளியிலிருந்து இமயத்தின் மறுபக்கம் ஏற வாத்துக்கு ஏழெட்டு மணி நேரம் போதும். பின்காற்று தூக்கிவிடும் என்று காத்திருப்பதில்லை. பிற்பகலில் மலைச்சரிவில் எழும் பலத்த காற்றைத் தவிர்த்து, காற்று அடங்கிய இரவிலும் விடியலிலும் சிறகடித்தே ஏறுகிறது. பின்னர் நடந்த ஆய்வில் பதிவான உச்ச உயரம் 7,290 மீட்டர். ஆனாலும் பெரும்பாலான நேரம் 5,500 மீட்டருக்குக் கீழேதான் பறக்கிறது. சிகரங்களுக்கு மேலே போகாமல் கணவாய்களைத் தேடிக் கடக்கிறது.

மீன் எங்கே போகிறது என்று கடலிலும் இதே தேடல் நடந்தது. 2005 முதல் 2007 வரை இந்தியப் பெருங்கடலில் 1,68,000க்கும் மேற்பட்ட சூரை மீன்களின் முதுகில் எண் பொறித்த பிளாஸ்டிக் குச்சியைச் செருகி விட்டார்கள். அந்தக் குச்சி தானாகப் பேசாது. மீனைப் பிடித்தவர் எடுத்துக் கொடுத்தால்தான் அது எங்கிருந்து எங்கே வந்தது என்று தெரியும்.

வாத்தின் கழுத்தில் மாட்டும், எழுத்து பொறித்த பட்டையும் அப்படித்தான். மங்கோலியாவில் பட்டை மாட்டிய வாத்துகள் நெல்லைச் சீமைக் குளங்களில் காணப்பட்டிருக்கின்றன. நேர்கோட்டில் அளந்தாலே 4,800 கிலோமீட்டர் தூரம். கரையில் நின்ற யாரோ ஒருவர் அந்த எழுத்தைப் படித்துச் சொன்னதால்தான் அந்தப் பயணம் கணக்கில் வந்தது.

ஆகவே, மார்கழி, தை மாதங்களில் குளத்துப் பக்கம் போகிறவர்கள் வாத்தின் கழுத்தையும் காலையும் ஒரு நிமிடம் கூர்ந்து பாருங்கள். பட்டையோ வளையமோ தெரிந்தால் நிறத்தையும் எண்ணையும் குறித்து வனத்துறையிடம் சொல்லுங்கள். நெருங்கிப் போய் விரட்டிவிடாதீர்கள். கால்வாய் தூர்ந்து குளம் வறண்டால், இமயத்தைத் தாண்டி வந்த பறவைக்கு இங்கே இறங்க இடமில்லை. மணிமுத்தாற்றுக் கால்வாயைத் தூர்வாருவது நெல்லுக்காக மட்டும் செய்கிற வேலை அல்ல.