பிரிட்டன் கத்தோலிக்கர்: குரல் உண்டு, வாக்கு இல்லை

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்துக்கு வெளியே, பெண்களுக்கும் குருத்துவம் வேண்டும் என்ற பதாகைகளுடன் கத்தோலிக்கர் சிலர் அமைதியாக நின்று செபிப்பது, 1990களிலிருந்து அந்நகரவாசிகள் பலமுறை கண்ட காட்சி. ஆங்கிலிக்கன் திருச்சபை 1992 நவம்பரில் பெண்களைக் குருக்களாக்க முடிவெடுத்ததை அடுத்து, இதே கோரிக்கையுடன் 1993இல் கத்தோலிக்கரிடையேயும் ஓர் அமைப்பு உருவானது. மறு ஆண்டே பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், பெண்களுக்குக் குருத்துவம் வழங்கும் அதிகாரம் திருச்சபைக்கு இல்லை என்று அறிவித்தார்.

குருத்துவம், கருத்தடை, ஒருபாலுறவு என்று கோரிக்கைகள் வேறுபடலாம். ஆனால் பிணக்கின் அடிப்படை ஒன்றுதான்: திருச்சபையில் முடிவெடுப்பவர் யார்? குருக்களும் துறவிகளும் அல்லாத பொதுநிலையினர் இங்கிலாந்தில் இக்கேள்வியை எழுப்புவது புதிதல்ல.

கத்தோலிக்கருக்கு எதிரான தண்டனைச் சட்டங்கள் நடப்பில் இருந்தபோதே, 1782இல், நிலவுடைமைக் குடும்பங்களைச் சேர்ந்த பொதுநிலையினர் குழுவொன்றை அமைத்து அரசுடன் பேச்சு நடத்தினர். சார்ல்ஸ் பட்லர் என்ற லண்டன் வழக்கறிஞர் அதன் செயலாளர். வழிபாட்டுரிமை தந்த 1791ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தவர்கள் இவர்களே. ஆயினும், அரசுக்கு அளிக்கவிருந்த சத்தியப்பிரமாணத்தில் இவர்கள் ஏற்ற வாசகங்களை ஆயர்கள் கண்டித்தனர். ஆயர்களை ரோமாபுரி நியமிக்காமல் குருக்களும் மக்களும் தெரிவுசெய்ய வேண்டும் என்ற கருத்தும் இவர்களிடையே வலுப்பெற்றிருந்தது.

கோட்பாட்டு விடயங்களில்கூட இறைமக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 1859இல் 'த ரேம்ப்ளர்' சஞ்சிகையில் எழுதினார் ஜான் ஹென்றி நியூமன். ஆயர் ஒருவர் ரோமாபுரிக்கு முறையிட்டார். அந்த இதழோடு நியூமனின் ஆசிரியப் பொறுப்பும் முடிந்தது. அப்போதைய பாப்பரசரின் நெருங்கிய உதவியாளராக இருந்த ஆங்கிலேயக் குரு ஜார்ஜ் டால்பட், வேட்டையாடுவதும் விருந்தளிப்பதுமே பொதுநிலையினரின் வேலை என்ற பொருள்பட 1867இல் கடிதம் எழுதினார். நியூமனை இங்கிலாந்தின் மிக ஆபத்தான மனிதர் என்றும் அதில் வர்ணித்தார். நியூமன் 2019இல் புனிதராகவும், 2025இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்டார். டால்பட்டை இன்று நினைவுகூர்வோர் பெரும்பாலும் அந்தக் கடிதத்துக்காகவே நினைவுகூர்கின்றனர்.

செயற்கைக் கருத்தடையைத் தடைசெய்து பாப்பரசர் ஆறாம் பவுல் 1968இல் வெளியிட்ட சுற்றுமடலை, லண்டனின் கத்தோலிக்க வார இதழான 'தி டேப்லட்' வெளிப்படையாக மறுத்து எழுதியது. அதன் ஆசிரியர் டாம் பர்ன்ஸ் ஒரு பொதுநிலையினர். போதனை மாறவில்லை, அதைப் பின்பற்றாத தம்பதியரில் பலர் திருச்சபையை விட்டு விலகவும் இல்லை.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இந்த முரண்பாட்டை அப்படியே பதிவுசெய்கிறது. தமது கருத்தை மேய்ப்பர்களிடம் தெரிவிப்பது இறைமக்களின் உரிமை, சிலவேளைகளில் கடமையும்கூட என்கிறது 212ஆம் விதி. ஆனால் பங்குப் பேரவைக்கு 536ஆம் விதி தருவது ஆலோசனை கூறும் அதிகாரத்தை மட்டுமே.

ஆலோசனையோடு நிற்கும் அமைப்பு எவ்வளவு பெரிய விலை கொடுக்க நேரிடும் என்பதைச் சிறார் பாலியல் துஷ்பிரயோக விவகாரம் காட்டியது. ஓய்வுபெற்ற நீதிபதியும் கத்தோலிக்கருமான நோலன் பிரபு தலைமையிலான குழு, ஒவ்வொரு பங்கிலும் சிறார் பாதுகாப்புப் பிரதிநிதி வேண்டும் என்று 2001இல் பரிந்துரைத்தது. ஆனாலும், 1970 முதல் 2015 வரை இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் திருச்சபைக்கு 900க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் கிடைத்திருந்ததாகவும், சிறாரின் நலனைவிடத் தனது நற்பெயரையே திருச்சபை காக்க முனைந்ததாகவும் சுயாதீன விசாரணைக் குழு 2020 நவம்பரில் குற்றஞ்சாட்டியது.

தமிழ்நாட்டில் இதே அதிகாரக் கேள்வி சாதியோடு பிணைந்து வருகிறது. தலித் கத்தோலிக்கர் தனிக் கல்லறைகளை எதிர்த்தும், தம்மிலிருந்து ஆயர்களை நியமிக்கக் கோரியும் பல தசாப்தங்களாகப் போராடிவருகின்றனர். திருச்சபைக்குள் பாகுபாடு நிலவுவதை இந்திய ஆயர் பேரவை 2016ஆம் ஆண்டுக் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. லண்டனில் பதாகை ஏந்துவோரைவிட இவர்களுக்கு இழப்பதற்கு அதிகம் உண்டு: பள்ளி, வேலை, அடக்கம் எல்லாமே பங்கைச் சார்ந்தவை.

2023 அக்டோபரில் வத்திகானில் கூடிய ஆயர் மாமன்றத்தில் முதன்முறையாக ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வாக்களித்தனர். 2024 அக்டோபரில் நிறைவேறி, பாப்பரசர் பிரான்சிஸ் ஏற்ற இறுதி ஆவணம், ஆயர் தெரிவில் இறைமக்களின் குரல் கூடுதலாக ஒலிக்க வேண்டும் என்று விரும்புகிறது. பட்லரின் காலத்தவர் கேட்டது தேர்தல். ஆவணம் பேசுவது குரலைப் பற்றி மட்டுமே.