குரங்கும் மருந்தும் வெள்ளைக் கரடியும்

ராஜபாளையம் ஊரை ஒட்டி நிற்கிறது சஞ்சீவி மலை. அனுமார் தூக்கிப்போன மருந்து மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது ஐதீகம். மருந்தும் குரங்கும் சேர்ந்து வரும் இன்னொரு கதையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "மருந்தைக் குடிக்கும்போது குரங்கை மட்டும் நினைக்காதே" என்றாராம் வைத்தியர். அப்புறம் எங்கே குடிப்பது? டம்ளரை எடுத்தாலே குரங்கு! (ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புப் பக்கம் போனால் குரங்கைப் பார்க்காமல் இருப்பதே கஷ்டம், நினைக்காமல் இருப்பது எப்படி?)

ரஷ்யாவில் இதே கதைக்கு வெள்ளைக் கரடி. வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருந்து பாருங்கள், முடியாது என்று 1863-ல் எழுதினார் தஸ்தயேவ்ஸ்கி. அதைப் படித்த டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் நிஜமாகவே சோதித்துவிட்டார். 5 நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக்கூடாது, நினைத்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த சுற்றில் "இப்போது நினைக்கலாம்" என்றதும், முதலில் அடக்கியவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது! 1987-ல் வெளியான ஆய்வு இது.

அதே 1987-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஏடிஹெச்டி என்ற பெயரும் வந்தது. பெயர்தான் புதுசு. கவனம் நிலைக்காத இந்த நிலையை 1798-லேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். கவனம் இல்லாததைவிட பிரேக் பிடிக்காததே இதில் முக்கியப் பிரச்சினை என்று 1997-ல் வாதிட்டார் ரஸ்ஸல் பார்க்லி.

சரி, பிரேக் பிடிக்காத ஒருவரிடம் போய் "அதையே நினைக்காதே" என்றால்? பரீட்சை ஹாலில் ரிஜிஸ்டர் நம்பரைச் சரியாக எழுதினோமா என்று பத்துத் தடவை பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும். வீட்டில் கிடைக்கும் பட்டம் "சோம்பேறி". அரியர் விழுவது கொழுப்பால் இல்லை என்று யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது?

1983-லேயே தாமஸ் போர்கோவெக் குழு வேறு வழி காட்டியது. கவலையை விரட்ட வேண்டாம், தள்ளிப் போடுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம், கவலைப்பட மட்டும். நடுவில் வந்தால் "அப்புறம் வா". ஏடிஹெச்டி உள்ளவருக்கு அந்த "அப்புறம்" மறந்துவிடும், மறந்துவிடுமோ என்பதே புதுக் கவலையாகும். அதனால் வந்த கவலையைத் துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, செல்போனில் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது. தூக்கமும் படிப்பும் கெடும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதான். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.