ஸ்பெக்ட்ரம் கணினியும் ஆர்வலர் மன்றங்களும்

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்பது பிரித்தானியாவின் சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 ஏப்ரல் 23 அன்று வெளியிட்ட வீட்டுக் கணினி ஆகும். 1992இல் அதன் உற்பத்தி நின்றது. ஆயினும் அதற்காக எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான விளையாட்டுகளும் பயன்பாட்டு நிரல்களும் இன்றும் இயங்கும் நிலையில் உள்ளன. கணினியைத் தயாரித்தவர்களோ விளையாட்டுகளை விற்றவர்களோ இவற்றைக் காப்பாற்றி வைக்கவில்லை. மாலை நேரங்களில் ஊதியமின்றிக் கூடிய ஆர்வலர் மன்றங்களும், அவற்றின் வழிவந்த எமுலேட்டர் எழுதியவர்களுமே அதைச் செய்தனர். எமுலேட்டர் என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை நடித்துக் காட்டும் மென்பொருள்.

ரப்பர் விசைகள் கொண்ட கணினி

கிளைவ் சின்க்ளேர் நிறுவிய சின்க்ளேர் ரிசர்ச், கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கியது. ஸ்பெக்ட்ரமின் மின்னணு அமைப்பை ரிச்சர்ட் ஆல்ட்வாசரும், பேசிக் மொழியை ஸ்டீவ் விக்கர்சும், புறத்தோற்றத்தை ரிக் டிக்கின்சனும் வடிவமைத்தனர். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இருந்த டைமெக்ஸ் தொழிற்சாலையில் அது உற்பத்தியானது. 16 கிலோபைட் நினைவகம் கொண்டதன் விலை 125 பவுண்ட். 48 கிலோபைட் கொண்டதன் விலை 175 பவுண்ட். அப்போது பிரித்தானியப் பள்ளிகளில் பரவிக்கொண்டிருந்த பிபிசி மைக்ரோவின் மேம்பட்ட வகை இதைவிட இருமடங்குக்கும் அதிக விலையில் விற்றது.

விலையைக் குறைக்க எல்லாவற்றிலும் சிக்கனம் பிடித்தார்கள். பல சில்லுகள் சேர்ந்து செய்யவேண்டிய வேலையை ஃபெராண்டி நிறுவனத்தின் யூஎல்ஏ என்ற ஒரே சில்லு செய்தது. திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சி, சேமிப்புக்குப் பாட்டுக் கேட்கும் கேசட் ரெக்கார்டர். 256 புள்ளி அகலமும் 192 புள்ளி உயரமும் கொண்ட படம் முழுவதும் 6,912 பைட்டுகளில் அடங்கியது. நிறத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் தனியே தர இடமில்லாததால், எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டம் ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிறங்கள் என்று வைத்தார்கள். பச்சை மரத்தின் முன் சிவப்பு மனிதன் நடந்தால் மரமும் அவனோடு சேர்ந்து சிவந்துவிடும். ஸ்பெக்ட்ரம் ரசிகர்கள் இந்தக் குறையை இன்றும் அன்போடு குறிப்பிடுகிறார்கள்.

கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டியதில்லை. ஒரு விசைக்கு ஒரு முழுச் சொல். 'ஜே' விசையை அழுத்தினால் 'லோட்' என்று திரையில் வரும். அதன்பின் கேசட்டை ஓடவிட்டால் கிறீச்சிடும் ஒலியோடு திரையின் விளிம்பில் வண்ணக் கோடுகள் ஓடும். 48 கிலோபைட் விளையாட்டு ஒன்று ஏறி முடிய ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். நான்காவது நிமிடத்தில் 'டேப் லோடிங் எரர்' என்ற செய்தி வருவதும் உண்டு.

மன்றங்கள்

கணினிக்கெனக் கூடும் வழக்கம் ஸ்பெக்ட்ரமுக்கு முந்தையது. பிரித்தானியாவில் அமெச்சூர் கம்ப்யூட்டர் கிளப் 1973இலேயே தொடங்கிவிட்டது. அதன் உறுப்பினர்கள் சில்லுகளை வாங்கிப் பற்றவைத்துத் தாங்களே கணினி செய்தவர்கள். ஸ்பெக்ட்ரம் வந்தபின் பற்றவைப்புத் தெரியாதவர்களும் மன்றங்களுக்கு வரத் தொடங்கினர். நூலகங்களிலும் பள்ளி அறைகளிலும் வாரம் ஒருமுறை கூடினர். இதழ்களில் அச்சான நிரல்களைத் தட்டிப் பார்த்தனர், பிழை திருத்தினர், கேசட் பரிமாறினர். மேத்யூ ஸ்மித் பதின்ம வயதில் எழுதிய 'மேனிக் மைனர்' 1983இல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றதும், தானும் எழுதலாம் என்ற எண்ணம் பலருக்கும் பிறந்தது. சின்க்ளேரின் அடுத்த கணினியான கியூஎல் விற்பனையில் தோற்றது. ஆனால் 1984இல் அதற்கெனத் தொடங்கப்பட்ட குவாண்டா என்ற பயனர் சங்கம், கணினியின் உற்பத்தி நின்ற பிறகும் பல பத்தாண்டுகள் செயல்பட்டது. லினக்சை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இளமையில் ஒரு கியூஎல் வைத்திருந்தவர்.

பிரித்தானியாவில் மன்றம் ஒரு பொழுதுபோக்கு. கிழக்கு ஐரோப்பாவில் மன்றம் இல்லாமல் கணினியே இல்லை என்ற நிலை இருந்தது. யுகோஸ்லாவியாவில் சோரான் மோட்லி என்பவர் பெல்கிரேடு வானொலியின் 'வென்டிலேட்டர் 202' நிகழ்ச்சியில் 1983 முதல் கணினி நிரல்களின் ஒலியை அப்படியே ஒலிபரப்பினார். கேட்பவர்கள் அதைக் கேசட்டில் பதிந்து தங்கள் கணினியில் ஏற்றிக்கொண்டனர். கேசட்டில் இருப்பது வெறும் ஒலிதான் என்பதால் இது கூடியது.

செக்கோஸ்லோவாக்கியாவில் ஸ்பெக்ட்ரம் சாதாரணக் கடைகளில் எளிதில் கிடைக்கவில்லை. வெளிநாடு சென்றவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தனர். தனியார் சங்கம் தொடங்குவது எளிதல்லாத அந்நாட்டில், ஸ்வசார்ம் என்ற அரசு சார்ந்த அமைப்பு மன்றங்களுக்குக் கூரை தந்தது. இராணுவத்தோடு ஒத்துழைப்பதற்கான அமைப்பு என்பது அப்பெயரின் பொருள். வானொலி ஆர்வலர்கள், சிறுவிமானம் செய்பவர்கள், வாகனப் பந்தயக்காரர்கள் போன்றோர் ஏற்கெனவே அதன்கீழ் இயங்கினர். அந்த வரிசையில் கணினியும் சேர்ந்துகொண்டது. நாட்டுப் பாதுகாப்புக்கென அமைந்த கூடத்தில் இளைஞர்கள் மேற்கத்திய விளையாட்டுகளைப் பிரதியெடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அக்காலத்தின் வேடிக்கைகளில் ஒன்று. பிராகில் இயங்கிய 602ஆம் எண் கிளையிலிருந்து பின்னாளில் சாஃப்ட்வேர்602 என்ற நிறுவனமே உருவானது. ஸ்கலிட்சா நகரில் 1987இல் 'டிடாக்டிக் காமா' என்ற உள்நாட்டு ஸ்பெக்ட்ரம் பிரதி தயாராகத் தொடங்கியது.

அங்கு விளையாட்டு எழுதியவர்கள் அவற்றை விற்கச் சந்தை இல்லை. நண்பருக்குக் கொடுப்பார்கள்; அவர் மன்றத்தில் கொடுப்பார்; சில வாரங்களில் நாடு முழுவதும் பரவிவிடும். அரசின் தணிக்கை செய்தித்தாளையும் திரைப்படத்தையும் பார்த்ததே தவிர கேசட்டில் ஓடும் விளையாட்டைக் கவனிக்கவில்லை. 1969இல் சோவியத் ஆக்கிரமிப்பை எதிர்த்துத் தீக்குளித்த மாணவர் யான் பாலாக்கை நினைவுகூர்ந்து 1989 ஜனவரியில் பிராகின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் கூடிய மக்களைக் காவல்துறை தடியாலும் நீர்ப்பீரங்கியாலும் கலைத்தது. அதே ஆண்டில், இண்டியானா ஜோன்ஸ் அந்தச் சதுக்கத்தில் காவலர்களிடம் அகப்பட்டு, அவர்களை எதிர்த்துத் தப்பி அமெரிக்கா திரும்ப முயல்வதாக ஓர் உரை விளையாட்டு பரவியது. எழுதியவர் பெயர் போடவில்லை. இத்தகைய ஆக்கத்தைக் கேசட் சிதைவுக்கு விட்டுவிடுவது ஒரு துண்டுப் பிரசுரத்தை எரிப்பதற்குச் சமம். இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை இன்று எவரும் எமுலேட்டரில் விளையாடிப் பார்க்கலாம்.

சோவியத் நாட்டில் 'லெனின்கிராட்', 'பென்டகன்' போன்ற உரிமம் பெறாத பிரதிகள் பெருகின. இந்தியாவில் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்ற பெயரில் இதை விற்றது. அதற்குச் சற்று முன்னர், 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தின் வழியே பிபிசி மைக்ரோ இந்தியப் பள்ளிகளுக்கு வந்திருந்தது.

எமுலேட்டர்கள்

1986 ஏப்ரலில் சின்க்ளேரின் கணினித் தொழிலை ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 1990களில் ஸ்பெக்ட்ரம் பரண் ஏறியது. கேசட்டில் உள்ள காந்தப் பூச்சு நிலையானதன்று. ஈரமும் வெப்பமும் அதைக் கெடுக்கும். ஒரு நொடி ஒலி சிதைந்தாலும் விளையாட்டு ஏறாது. காலம் குறைவாகவே இருந்தது.

1990களின் தொடக்கத்தில் நெதர்லாந்தைச் சேர்ந்த கெர்டன் லன்டர் பிசி கணினிகளுக்கு 'இசட்80' என்ற எமுலேட்டரை எழுதினார். நியூசிலாந்தின் பீட்டர் மெக்கேவின் அமிகா கணினிக்கு ஒன்று எழுதினார். 1999இல் பிலிப் கெண்டல் தொடங்கிய 'ஃபியூஸ்' கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது.

ஸ்பெக்ட்ரமின் செயலியான இசட்80க்குரிய கட்டளைகளை ஒன்றொன்றாகப் படித்து, அதே விளைவைப் புதிய கணினியில் நிகழ்த்துவதே எமுலேட்டரின் வேலை. சொல்வதற்கு எளிது. ஸ்பெக்ட்ரமின் கடிகாரம் நொடிக்கு 35 லட்சம் முறை துடிக்கும். திரையில் ஒரு முழுப் படம் வரைய 69,888 துடிப்புகள். நினைவகத்தின் ஒரு பகுதியைச் செயலியும் யூஎல்ஏ சில்லும் பங்கிட்டுக்கொள்வதால், யூஎல்ஏ படம் வரையும் நேரத்தில் செயலி காத்திருக்க நேரும். தேர்ந்த நிரலாளர்கள் இந்தக் காத்திருப்பையும் கணக்கிட்டு, சரியான துடிப்பில் நிறத்தை மாற்றி, கணினியால் முடியாது என்று கருதப்பட்ட படங்களை வரைந்தனர். ஆகவே எமுலேட்டர் விளைவோடு தாமதத்தையும் துல்லியமாகக் காட்ட வேண்டியிருந்தது. பென்டகனில் இந்தக் காத்திருப்பு இல்லை. ஒரு படத்துக்கு 71,680 துடிப்புகள். அதற்கெனத் தனிக் கணக்கு.

கேசட்டைக் கோப்பாக மாற்றுவதிலும் இதே சிக்கல். முதலில் வந்த 'டேப்' வடிவம் பைட்டுகளை மட்டும் சேமித்தது. ஆனால் பிரதியெடுப்பதைத் தடுக்க 'ஸ்பீட்லாக்' போன்ற முறைகளைக் கையாண்ட விளையாட்டுகள் வழக்கத்திற்கு மாறான ஒலித்துடிப்புகளில் பதிவாகியிருந்தன. துடிப்பின் நீளத்தையும் பதிந்துகொள்ளும் 'டிஇசட்எக்ஸ்' வடிவம் வந்த பின்னரே அவற்றைச் சிதையாமல் காக்க முடிந்தது. வேறு சில விளையாட்டுகள் 'லென்ஸ்லாக்' என்ற சிறு பிளாஸ்டிக் பட்டகத்தைத் திரையில் வைத்துக் கலைந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னவை. பட்டகம் தொலைந்தவர்களுக்காக அதன் ஒளிவிலகலையே கணக்கிட்டுக் காட்டும் மென்பொருளை ஓர் ஆர்வலர் எழுதினார்.

எமுலேட்டரில் விளையாட்டு நொடியில் ஏறிவிடும். ஆனாலும் அந்த ஐந்து நிமிடக் கிறீச்சொலியை முழுதாகக் கேட்டுக்கொண்டே காத்திருப்போர் உண்டு.

உரிமம்

எமுலேட்டர் இயங்க ஸ்பெக்ட்ரமின் 16 கிலோபைட் ரோம் நிரல் வேண்டும். அதன் பதிப்புரிமை ஆம்ஸ்ட்ராடிடம் இருந்தது. 1999 ஆகஸ்டில் அந்நிறுவனத்தின் கிளிஃப் லாசன், பதிப்புரிமைக் குறிப்பை மாற்றாமலும் ரோமுக்கெனக் கட்டணம் வாங்காமலும் இருந்தால் எமுலேட்டரோடு அதை வழங்கலாம் என்று பொதுவில் அறிவித்தார். பழைய கணினிகளின் வரலாற்றில் இது அரிதான பெருந்தன்மை. இதே காலத்தில் வேறு பல நிறுவனங்கள் தங்கள் பழைய ரோம்களை வழங்கியவர்கள்மேல் வழக்குத் தொடுப்பதாக எச்சரித்துக்கொண்டிருந்தன.

விளையாட்டுகளின் கதை வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் உரிமையாளர். பல நிறுவனங்கள் மூடப்பட்டுவிட்டன. நெதர்லாந்தின் மார்ட்டின் வான் டெர் ஹைடே 1995இல் தொடங்கிய 'வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம்' ஆவணகம், உரிமையாளர்களைத் தேடி எழுதி இசைவு கேட்டது. பலர் மகிழ்ச்சியோடு தந்தனர். மறுத்தவர்களின் விளையாட்டுகளை ஆவணகம் நீக்கி, பெயரையும் அட்டைப் படத்தையும் மட்டும் வைத்துக்கொண்டது. சட்டப்படி இதில் குறை காண முடியாது. என்றாலும் விற்பனையிலும் இல்லாத, பொதுவிலும் கிடைக்காத ஒரு விளையாட்டை மறைத்துவைப்பதால் யாருக்கு ஆதாயம் என்ற கேள்வி நிற்கிறது.

மீண்டும் பெட்டிக்குள்

எமுலேட்டரோடு ஆர்வலர்கள் நிற்கவில்லை. கிறிஸ் ஸ்மித் என்பவர் யூஎல்ஏ சில்லின் உட்புற அமைப்பை ஆராய்ந்து 2010இல் நூலாக வெளியிட்டார். அதன் துணையோடு பழைய சில்லே இல்லாமல் ஸ்பெக்ட்ரம் பலகையைப் புதிதாகச் செய்ய முடிந்தது. 2017இல் பொதுமக்கள் நிதியாகத் திரண்ட 7 லட்சம் பவுண்டுக்கும் மேற்பட்ட தொகையில் 'ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்' உருவாகி 2020இல் வாங்கியோரிடம் சேர்ந்தது. அதன் பெட்டியை வடிவமைத்தவர் அதே ரிக் டிக்கின்சன். அது வெளிவருமுன் 2018இல் காலமானார். இந்த ஏக்கத்தைக் காசாக்க முயன்று ஏமாற்றத்தில் முடிந்தவையும் உண்டு. 'வேகா பிளஸ்' என்ற கையடக்கக் கருவிக்கு 2016இல் பணம் கட்டியோரில் பெரும்பாலோருக்குப் பொருள் வந்து சேரவில்லை.

ஆவணகங்கள் இன்னும் ஒரு பட்டியலை வைத்திருக்கின்றன. இதழ்களில் விளம்பரமோ மதிப்புரையோ வந்து, ஆனால் கேசட் எங்கும் கிடைக்காத விளையாட்டுகளின் பட்டியல் அது. எங்கோ ஒரு வீட்டுப் பரணிலிருந்து கேசட் பெட்டி இறங்கும்போது ஆர்வலர் ஒருவர் அதை ரெக்கார்டரில் இட்டு, தலைப்பகுதியைத் துடைத்து, ஒலியளவை மெல்லத் திருகிப் பார்க்கிறார். ஏறிவிட்டால் பட்டியலில் ஒரு பெயர் குறையும்.