பணியிட எடைக் குறைப்புத் திட்டங்கள்: கடலூர் மாவட்டத்தில் வரவு செலவுக் கணக்கு

பணியிட எடைக் குறைப்புத் திட்டம் என்பது, ஊழியர்களின் உடல் எடையையும் அதையொட்டி வரும் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்றவற்றையும் குறைக்க நிறுவனமே நடத்தும் பரிசோதனை, உணவு ஆலோசனை, உடற்பயிற்சி ஆகியவற்றின் தொகுப்பு. மருத்துவச் செலவும் விடுப்பும் குறைவதால் போட்ட பணம் திரும்பி வரும் என்பது இதற்கு ஆதரவான வாதம். ஊழியரின் வைத்தியச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்தே இந்த வாதம் நிற்கும். நெய்வேலிச் சுரங்கம், கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகள், சிதம்பரத்தின் கல்வி நிறுவனங்கள் என வெவ்வேறு வகை வேலையிடங்கள் உள்ள கடலூர் மாவட்டத்தில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

பின்னணி

தேசிய குடும்ப நல ஆய்வு–5 (2019–21) கணக்குப்படி, தமிழகத்தில் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் 25 அல்லது அதற்கு மேற்பட்ட உடல் நிறைக் குறியீடு உள்ளவர்கள். இந்தியர்களுக்கு 23 என்ற அளவிலிருந்தே கூடுதல் எடை என மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லையைத் தாண்டக் கூடாது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது.

செலவு யாருடையது?

நெய்வேலி: 1956-இல் தொடங்கி, 2016 முதல் என்.எல்.சி. இந்தியா என்ற பெயரில் இயங்கும் பொதுத்துறை நிறுவனத்துக்குச் சொந்த மருத்துவமனை உண்டு. நிரந்தரத் தொழிலாளர்கள் பெரும்பாலும் ஓய்வு பெறும் வரை அந்த நிறுவனத்திலேயே வேலை செய்வார்கள். நாற்பது வயதில் ஒருவருக்குத் தள்ளிப்போடப்பட்ட சர்க்கரை நோய், ஐம்பதில் டயாலிசிஸ் செலவாகவோ இதய சிகிச்சைச் செலவாகவோ நிறுவனத்தின் கணக்கில் ஏறாமல் போகும். பணம் திரும்பும் வாய்ப்பு மாவட்டத்திலேயே இங்குதான் அதிகம்.

சிப்காட்: கடலூர் சிப்காட்டில் ரசாயன, மருந்து ஆலைகள் முக்கியமானவை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) வரம்புக்குள், அதாவது மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குவோருக்கு, 2019 ஜூலை முதல் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்துகிறார்கள். தொழிலாளி ஒல்லியானாலும் பருத்தாலும் இந்த விகிதம் மாறாது. ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதமாக வழங்கப்படும் நோய்க்கால உதவியையும் இ.எஸ்.ஐ. கழகமே தருகிறது. எனவே சிகிச்சைச் செலவில் மிச்சமாவது கழகத்துக்கே. ஆள் வராத நாளில் ஓவர்டைம் கொடுத்து ஷிப்டை ஓட்டும் செலவு குறைந்தால் மட்டுமே முதலாளிக்கு லாபம். ஒப்பந்தத் தொழிலாளி ஓரிரு ஆண்டில் வேறு ஆலைக்குப் போய்விட்டால் அந்த லாபமும் அவரோடு போய்விடும்.

சிதம்பரம்: 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. மாநில அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையில் தொடங்கிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மாதப் பிடித்தம் எல்லோருக்கும் ஒரே சீராக ரூ.300 என வைக்கப்பட்டது. எடையைக் குறைத்த ஊழியருக்கோ அவரது அலுவலகத்துக்கோ அதில் சலுகை இருக்கவில்லை. குழுக் காப்பீடு எடுத்துள்ள தனியார் நிறுவனங்களின் நிலை வேறு: இந்த ஆண்டு கிளைம் கூடினால் அடுத்த ஆண்டு பிரீமியம் ஏறும்.

ஆய்வுச் சான்றுகள்

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் சேர்ந்தார்கள். மூன்று ஆண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கும், உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39.3 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க ஆன செலவு ரூ.47,341. இத்தனைக்கும் மாற்றிக்கொண்டவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. எடை இறங்கினால்தான் வெற்றி என்று வைத்திருந்தால் இந்தத் திட்டம் தோல்வி என்றே பதிவாகியிருக்கும்.

அமெரிக்கச் சான்றுகள் இருவிதமாக உள்ளன. போட்ட 1 டாலருக்கு மருத்துவச் செலவில் மட்டும் 3.27 டாலர் மிச்சமாகும் என 2010-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கணக்கிட்டது. அதை எழுதியவர்களில் இருவர் ஒரு நிறுவனத்தின் 160 கிளைகளில் சுமார் 33,000 ஊழியர்களிடம் குலுக்கல் முறையில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதம் கழித்தும் எடையிலோ செலவிலோ விடுப்பிலோ மாற்றம் தெரியவில்லை. பெப்சிகோ நிறுவனத் திட்டம் பற்றிய 2014 ஆய்விலும், ஏற்கெனவே நோயுள்ளவர்களைக் கவனித்த பகுதியே லாபம் தந்தது. வாழ்க்கைமுறைப் பகுதியில் போட்ட 1 டாலருக்கு அரை டாலர் அளவே திரும்பியது. தானாக முன்வந்து சேர்கிறவர்கள் பெரும்பாலும் முன்பே உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள் என்பதால் பழைய கணக்குகளில் லாபம் பெரிதாகத் தெரிந்தது.

குறைந்த செலவில் செய்யக்கூடியவை

பரிசோதனைச் செலவின் ஒரு பகுதியை நிறுவனங்கள் சட்டப்படி ஏற்கெனவே செய்துவருகின்றன. அபாயகரமான ரசாயன ஆலைகளில் ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனையை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் கட்டாயமாக்கியது. சுரங்கத் தொழிலாளர்களுக்கும் காலமுறைப் பரிசோதனை உண்டு. அதோடு இடுப்பளவையும் சர்க்கரை அளவையும் சேர்க்கக் கூடுதல் செலவு சொற்பம். 2024-இல் தமிழக அரசு தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியிடத்துக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். சிறிய ஆலைகளுக்கு இதுவே போதுமான தொடக்கம்.

அடுத்தது கேன்டீன். அதே சட்டம் 250-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலைகளில் கேன்டீன் நடத்தச் சொன்னது. ஒரு டீக்கு 10 கிராம் சர்க்கரை என்றால், நைட் ஷிப்டில் தூக்கம் கலைக்க ஐந்து டீ குடிப்பவருக்கு 50 கிராம், அதாவது 200 கலோரி. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் வைத்த உச்ச வரம்பே ஏறக்குறைய அதுதான். சர்க்கரையைத் தனியாக வைப்பது, வடை, பஜ்ஜிக்குப் பக்கத்தில் சுண்டலை மானிய விலையில் போடுவது போன்றவற்றுக்குப் பெரிய முதலீடு வேண்டாம்.

கணக்கு வைக்கும் முறை

சேர்ந்தவர்களை மட்டும் எண்ணாமல், சேராதவர்களையும் இடையில் விலகியவர்களையும் உட்படுத்தி, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால்தான் லாப நட்டம் புலப்படும். சொந்த ஊழியர்களுக்காக மட்டும் செய்யும் இத்தகைய செலவை, நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவில் வரும் சமூகப் பொறுப்புச் செலவாகக் காட்ட முடியாது. அது ஊழியர் நலச் செலவாகவே எழுதப்படும்.