மல்கம் எக்ஸ் படித்த சிறை நூலகம்

எமது மீலாத் விழாப் பேச்சுப் போட்டிகளில் மல்கம் எக்ஸின் பெயர் அடிக்கடி ஒலிக்கும். சிறையில் அகராதியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தெழுதி அறிவாளியானவர் என்பதே அப்பேச்சுகளின் சாரம். அது உண்மைதான். ஆனால் அந்த அகராதி எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. கிராமத்துப் பாடசாலை ஆசிரியன் என்ற வகையில் எனக்கு அக்கேள்வியே முக்கியமாகப் படுகின்றது.

1946இல் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை சென்றபோது அவர் மல்கம் லிட்டில், இருபது வயது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றிருந்தது. முதலில் அடைக்கப்பட்ட சார்ள்ஸ்டவுன் சிறை 1805இல் கட்டப்பட்டது. அறைகளில் தண்ணீர்க் குழாய்கூட இல்லை. 1948இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் நோர்போக் சிறைக் கொலனிக்கு மாற்றப்பட்டார்.

நோர்போக் 1927இல் தொடங்கப்பட்ட ஒரு பரிசோதனை முயற்சி. சிறை என்பது மதிலுக்குள் இயங்கும் ஒரு சமுதாயமாக இருக்க வேண்டும் என்பது அதன் முதல் அத்தியட்சகர் ஹவார்ட் கில்லின் கொள்கை. 1934இல் அவர் பதவி நீக்கப்பட்டார். எனினும் அவரிட்ட அத்திவாரம் முற்றாக அழிந்துவிடவில்லை.

அந்நூலகம் இயங்கிய விதத்தை மல்கம் எக்ஸ், 1965இல் வெளிவந்த தமது சுயசரிதையில் விபரிக்கின்றார். பார்க்ஹர்ஸ்ட் என்ற செல்வந்தர் வழங்கிய நூல்களே அதன் பெருஞ்செல்வம். வரலாறும் சமயமும் அவற்றில் மிகுதி. இடம் போதாமல் பல நூல்கள் பெட்டிகளிலேயே கிடந்தன. கைதிகள் அனுமதி பெற்று உள்ளே போய், தட்டுகளிடையே நடந்து, தாமே நூல்களைத் தெரிவு செய்யலாம். வாசிப்பில் தனி ஆர்வம் காட்டியவருக்கு வழமையான எண்ணிக்கையை விடக் கூடுதலாக இரவல் கொடுத்தார்கள். ஹார்வர்ட், பொஸ்டன் பல்கலைக்கழகங்களிலிருந்து போதனாசிரியர்கள் வந்தார்கள். அகராதியும் எழுதுதாளும் பென்சிலும் சிறைப் பாடசாலையே கொடுத்தவை. வாராந்த விவாத மேடையும் இருந்தது. வாசித்ததைப் பிறர் முன்னிலையில் நிறுத்துப் பார்க்க அது உதவிற்று.

எலிஜா முகம்மதுவுக்குக் கடிதம் எழுத முனைந்து, நினைத்ததை எழுத்தில் கொண்டுவர இயலாமற் போன தவிப்பே அவரை அகராதியிடம் கொண்டு சென்றது. தவிப்பு அவருடையது, கைக்கெட்டும் தூரத்தில் நூல்களை வைத்தது நிறுவனம். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் நாமறிந்த மல்கம் எக்ஸ் உருவாகியிருப்பாரா என்பது ஐயமே.

என்றாலும் சிறை சிறைதான். இரவு பத்து மணிக்கு விளக்கணைப்பார்கள். வெளி நடைபாதையின் மங்கலான வெளிச்சத்தில் அவர் விடியற்காலை மூன்று, நான்கு மணி வரை படிப்பார். மணிக்கொரு தடவை காவலர் வரும் ஓசை கேட்டதும் படுக்கையில் பாய்ந்து உறங்குவதுபோல் நடிப்பார். பார்வை பழுதுபட்டு மூக்குக்கண்ணாடி அணிய நேர்ந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குற்றவாளியைத் திருத்தி அடக்கமான பிரஜையாக்குவதற்கே அரசு நூலகம் வைத்தது. அங்கே அடிமை வியாபாரத்தின் வரலாற்றைப் படித்தவரோ அந்த அரசையே குற்றக்கூண்டில் ஏற்றினார். 1964இல் ஹஜ்ஜிலிருந்து எழுதியபோது தமது பழைய முடிவுகளையும் மாற்றிக்கொண்டார். வாசகன் எந்த முடிவுக்கு வருவான் என்பதை நூலகம் முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது. தீர்மானிக்க முனைவோர் முதலில் நூல்களைத்தான் அகற்றுவார்கள்.

ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 64ஆவது விதி, ஒவ்வொரு சிறையிலும் சகல கைதிகளுக்கும் பயன்படக்கூடிய நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. பொழுதுபோக்கு நூல்களும் அறிவு நூல்களும் போதியளவு இருக்க வேண்டும். அதனை முழுமையாகப் பயன்படுத்தக் கைதிகள் ஊக்குவிக்கப்படவும் வேண்டும். நூல்களை அடுக்கிவிட்டு ஊக்குவிப்பதை மறந்துவிடுவது சிறைகளில் மட்டும் நிகழ்வதல்ல.

நூல் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற அச்சத்தில் அலுமாரியைப் பூட்டி வைக்கும் பாடசாலைகளை நான் கண்டிருக்கிறேன். ஒரு வருடத்தில் பத்து நூல்கள் தொலையட்டும். பிள்ளைகள் தாமாகவே தட்டுகளிடையே நடந்து திரியட்டும். அன்று நோர்போக் கைதிகளுக்கு இருந்த அந்த உரிமையாவது எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும்.