போர் விளையாட்டும் போட்டியாளர் ஆர்வமும்: தென் கொரிய ஸ்டார்கிராப்ட் சுற்றுப்போட்டிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சுற்றுப்போட்டியொன்றைத் தொடங்குதல் எளிது. பல்லாண்டு காலம் அதனை ஆளற்றுப் போகாது நடத்துதலே அரிது. வீட்டிலிருந்தவாறே எந்நேரமும் ஆடக்கூடிய இணையவழிப் போர் விளையாட்டுக்களுக்கு இது மிகவும் பொருந்தும். குறித்த நாளில், குறித்த விதிகளுக்கமைய நடைபெறும் போட்டிக்கு ஆட்டக்காரனை மீண்டும் மீண்டும் வரச்செய்வது எது? பரிசுப் பணமே என்பர் பலர். தென் கொரியாவில் ஸ்டார்கிராப்ட் சுற்றுப்போட்டிகள் வளர்ந்தும் தளர்ந்தும் வந்த வரலாறு இதற்கு வேறொரு விடையைத் தருகின்றது.

அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 1998 மார்ச் மாதத்தில் இவ்விளையாட்டை வெளியிட்டது. மூன்று இனங்களுள் ஒன்றைத் தெரிந்து, வளங்களைத் திரட்டிப் படையமைத்து எதிரியை வீழ்த்துவதே இதன் அடிப்படையாகும். கொரியாவோ 1997இன் இறுதியில் நிதி நெருக்கடிக்குள்ளாகிச் சர்வதேச நாணய நிதியத்தின் உதவியை நாடியிருந்தது. வேலையிழந்தோர் பலர் 'பிசி பாங்' எனப்படும் கணினி நிலையங்களைத் திறந்தனர். அரசாங்கமும் அதிவேக இணைய இணைப்பைப் பரப்பிற்று. சிறு கட்டணம் செலுத்தி மணிக்கணக்காக ஆடும் இளைஞர் கூட்டமொன்று இவ்வாறு உருவாயிற்று.

இக்கூட்டத்தை ஒழுங்கமைந்த போட்டிகளின்பால் ஈர்ப்பதில் தொலைக்காட்சி பெரும்பங்கு வகித்தது. 2000ஆம் ஆண்டில் விளையாட்டுக்கென்றே ஒஞ்சிஎன் அலைவரிசை தோன்றியது. அதே ஆண்டில் கெஸ்பா எனப்படும் கொரிய மின்விளையாட்டுச் சங்கமும் நிறுவப்பட்டது. ஆயினும் ஒளிபரப்பினும் முக்கியமானது போட்டியின் அமைப்பே எனலாம். தகுதிகாண் போட்டிகள் பிசி பாங்குகளிலேயே நடத்தப்பட்டன. எனவே, பெயரறியா இளைஞனொருவன் தான் நாள்தோறும் ஆடிய அதே வகை இருக்கையிலிருந்து தேசிய மேடைக்குச் செல்லும் பாதை கண்முன்னே தெரிந்தது. பழைய உத்திகள் மனப்பாடமாகி ஆட்டம் சலிப்படையாவண்ணம் ஆடுகளங்கள் காலத்துக்குக் காலம் மாற்றப்பட்டன. மூவினங்களுக்கும் இடையிலான சமநிலையும் இதனாற் பேணப்பட்டது. 2003இல் அணிகளுக்கிடையிலான 'புரோலீக்' தொடங்கியது. 2004இல் பூசான் நகரின் குவாங்கல்லிக் கடற்கரையில் நடைபெற்ற அதன் இறுதிப்போட்டிக்கு ஏறத்தாழ 1,00,000 பேர் திரண்டதாகக் கூறப்பட்டது.

வீரரைத் தக்கவைப்பதற்குக் கட்டாய இராணுவ சேவை பெருந்தடையாயிற்று. இருபதுகளிற் புகழின் உச்சியில் நின்றோர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் களத்தைவிட்டு நீங்க வேண்டியிருந்தது. புகழ்பெற்ற வீரரான லிம் யோ-ஹ்வான் 2006இல் விமானப்படையிற் சேர்ந்தார். 2007இல் விமானப்படையே ஏஸ் என்னும் அணியை அமைத்து புரோலீக்கில் ஈடுபடுத்தியது. சேவைக்காலம் ஆட்டவாழ்வின் முடிவாக அமைய வேண்டியதில்லை என்பதை இவ்வேற்பாடு உணர்த்தியது.

இத்துணை உறுதியாகத் தோன்றிய அமைப்பு 2010இல் ஆட்டம் கண்டது. பந்தயக்காரரிடம் பணம் பெற்று வேண்டுமென்றே தோற்ற குற்றம் அம்பலமாகவே, 11 வீரர்களை கெஸ்பா நிரந்தரமாகத் தடை செய்தது. அணிகளின் கீழ்நிலை வீரர் பலர் சொற்ப ஊதியமே பெற்றமை இதற்கு ஒரு காரணமாகக் காட்டப்படுவதுண்டு. எனினும், தடைசெய்யப்பட்டோருள் முன்னாள் சம்பியன் ஒருவரும் இருந்தமை வறுமை மட்டுமே காரணமன்று என்பதைக் காட்டுகின்றது. தான் கண்ட தோல்வி மெய்யானதா என்ற ஐயம் பார்வையாளனிடம் எழுந்தபின் எத்தகைய பரிசும் அதனை ஈடுசெய்யவில்லை.

அதே ஆண்டில் ஸ்டார்கிராப்ட் 2 வெளிவந்தது. ஒளிபரப்பு உரிமை தொடர்பாக பிளிசார்ட்டுக்கும் கெஸ்பாவுக்கும் இடையில் நிலவிய பிணக்கு 2011இலேயே தீர்ந்தது. 2012இல் புரோலீக் புதிய விளையாட்டுக்கு மாற்றப்பட்டது. ஒரே பருவத்தில் பழையதையும் புதியதையும் வீரர்கள் ஆட நேர்ந்தது. பல்லாண்டு உழைப்பில் ஈட்டிய திறமை மேலிடத்து முடிவொன்றினாற் பயனற்றதாயிற்று. 2016 ஒக்டோபரில் புரோலீக் நிறுத்தப்பட்டபோது அணிகளும் வீரர்களும் குறைந்தமை, அனுசரணையாளர் கிடையாமை, மீண்டும் தலைதூக்கிய ஆட்ட நிர்ணயம் என்பன காரணங்களாகக் கூறப்பட்டன.

எனினும் பழைய ஸ்டார்கிராப்ட் அழிந்துவிடவில்லை. முன்னாள் வீரர் பலர் அப்ரீக்காரிவி என்னும் இணைய ஒளிபரப்புத் தளத்தில் நாள்தோறும் ஆடிக்காட்டி, பார்வையாளரின் நன்கொடையால் வாழ்ந்தனர். அவர்களைக் கொண்டே 2016இல் புதிய சுற்றுப்போட்டி தொடங்கிற்று. பெருநிறுவனங்களின் ஊதியம் மறைந்த பின்னரும் ஆட்டக்காரர் திரும்பி வந்தமை இங்கு ஊன்றிக் கவனிக்கற்பாலது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பரிசு ஆட்டக்காரனை ஒருமுறை அழைத்து வரவல்லது; அவனை நிலைக்கச் செய்வனவோ புதியவனுக்குத் திறந்திருக்கும் வழியும், உழைப்புக்குரிய மதிப்பும், முடிவின் நேர்மையுமே என்பது தெளிவாகும். இவற்றைக் காக்கத் தவறிய காலத்திலேயே அரங்குகள் வெறுமையடைந்தன. இளமையின் சில ஆண்டுகளை ஒரு களத்துக்கு ஈந்தவர்களுக்கு அக்களத்தை நடத்துவோர் பட்டுள்ள கடன் பரிசுப் பணத்துடன் தீர்ந்துவிடுவதன்று.